சீட்டு விழாத லைன்

"உங்கள் கணவர் உங்களை எதைக் கொண்டு அடித்தார்?" என்ற கேள்விக்கு நாங்கள் முதலில் அச்சடித்திருந்த விடைகள் மூன்றுதான்: கையால், காலால், பொருளால். சாமளாபுரம் பக்கத்தில் ஒரு தறிக்காரக் குடியிருப்புக்கு அந்தக் கேள்வித்தாளை வெள்ளோட்டம் பார்க்கப் போன அன்றே மூன்றாவது விடை போதாமல் போய்விட்டது. ஒரு பெண் பெல்ட் என்றாள். அடுத்தவள் குக்கர் மூடி என்றாள். சைக்கிள் செயின், செங்கல், இரும்புக் குழாய், அடுப்பிலிருந்து இறக்கிய ரசம். ஒருத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என்ற தலையைப் புடிச்சே செவுத்துல மோதுனாருங்க. அது கையில வருமுங்களா, பொருள்ல வருமுங்களா?" என்று கேட்டாள். அவள் கேலி பேசவில்லை. எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று எனக்கு உதவி செய்யப் பார்த்தாள்.

எனக்குத் தெரியவில்லை. நான் புள்ளியியல் படித்தவள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்குச் சராசரியும் விலக்கமும் சொல்லிக்கொடுப்பது சம்பளத்துக்கான வேலை. மருத்துவர்கள் செய்யும் ஆய்வுகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் உண்மையான வேலை. சர்க்கரை நோயாளிகளின் கால் புண், குறைமாதக் குழந்தைகளின் எடை, பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு வரும் மனச்சோர்வு என்று எது எதற்கோ கணக்குப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் கொண்டு வருவார்கள், குழம்பை இறக்கி வைத்த பிறகு உப்புப் பார்க்கச் சொல்கிற மாதிரி.

ஆனால் எங்கள் மனநல மருத்துவர் அப்படி இல்லை. யோசனை பிறந்த அன்றே என் அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஒல்லியான மனிதர், குரல் உயராது. திருப்பூர், பல்லடம் பக்கமிருந்து தூக்கம் வரவில்லை, படபடப்பாக இருக்கிறது என்று அவரிடம் வரும் பெண்களில் பாதிப் பேருக்குத் தாடையிலோ கையிலோ பழைய முறிவு இருந்தது. "மாத்திரை இந்தப் பொண்ணுங்களுக்குக் குடுத்து என்ன பிரயோஜனம்? புருஷன்ல குடிக்குறான்?" என்றார். அவர் தெற்கத்தி ஊர்க்காரர், பேச்சில் அது தெரியும். குடிக்கிற ஆணை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது. பயிற்சி பெற்ற ஒருவர் வாரா வாரம் உட்கார்ந்து பேசுவது. கை நடுக்கமும் தூக்கமின்மையும் வரும்போது மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரை கொடுப்பது. இப்படிச் செய்தால் குடி குறையுமா, குடி குறைந்தால் அடி குறையுமா? அதுதான் அவர் கேள்வி.

எனக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. குன்னத்தூருக்கு வடக்கே எங்கள் தோட்டம். மாட்டை அடித்த சாட்டையால்தான், நாங்கள் அய்யன் என்று கூப்பிட்ட அப்பா எங்களையும் அடித்தார். அம்மாவை அடித்ததை நான் பார்த்ததில்லை, கதவுக்கு வெளியே நின்று சத்தம் கேட்டிருக்கிறேன். அவர் குடித்தவர் இல்லை. இதை நான் மருத்துவரிடம் சொல்லவில்லை.

இங்கே தறி ஓட்டுகிறவர்களும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் லைன் வீடுகளில் குடியிருப்பார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் குளியலறை, நடுவில் ஒரு துவைக்கிற கல். ஒரு வீட்டில் விழுகிற அடி பத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் ஆளாளுக்குச் சீட்டுப் போடாமல் லைன் லைனாகப் போடுவது என்று முடிவு செய்தேன். சீட்டு விழும் லைனுக்குச் சிகிச்சை. விழாத லைனுக்கு ஆஸ்பத்திரி முகவரி போட்ட ஒரு துண்டுத்தாள், அவர்களாக வந்தால் பார்ப்போம். இரண்டையும் பிறகு ஒப்பிட வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மனிதக் கை பட்டால், பாவப்பட்ட லைனுக்கோ வசதியான லைனுக்கோ சாய்ந்துவிடும். சீட்டு யார் முகத்தையும் பார்க்காது. இதை நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

கம்ப்யூட்டரில் எண் எடுத்திருக்கலாம். மக்கள் கண் முன்னால் எடுத்தால்தான் நம்புவார்கள் என்று மருத்துவர் சொன்னதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் பிளாஸ்டிக் குடத்தை வைத்து நானே எடுத்தேன். கூட்டத்தில் ஒருவர், "ஏலச்சீட்டுங்களா?" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் என்னிடம் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தறி ஓட்டுகிறவள் என்பது தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சிலேயே தெரிந்தது. இடது புருவத்தின் நடுவே முடி முளைக்காத ஒரு தழும்பு.

"ஏனுங்க மேடம், பக்கத்து லைனுக்குச் சீட்டு விழுந்துருச்சுங்களே. எங்களைவிட அவுங்களுக்கு அடி அதிகமுங்களா?"

"அப்படி இல்லம்மா. சீட்டுல யாருக்கு வருதோ அவங்களுக்கு."

"செரிங்க," என்றாள். போனவள் திரும்பி வந்து கேட்டாள். "எங்க லைனுக்கு எப்பங்க?"

ஆய்வு முடிந்து, சிகிச்சை பலன் தந்தால் எல்லா லைனுக்கும் என்றேன். அவள் மறுபடியும் "செரிங்க" என்றாள்.

களத்தில் எங்களுக்கு எல்லாமாக இருந்தவர் ஒரு அக்கா. ஒரு பனியன் கம்பெனியில் பல வருஷம் செக்கிங் பிரிவில் நின்றவர், வாட்டசாட்டமான கிறிஸ்தவப் பெண்மணி. கேள்வி கேட்கிறவர்களை மேய்ப்பது அவர் பொறுப்பு. சில மாதங்கள் கழித்து அவர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"மேடம், சீட்டு விழாத லைன்ல ஒரு அம்மிணி. புருவத்துல தழும்பு இருக்குமே. அவ பக்கத்து லைன்ல ஒரு ரூம் காலியாயிருக்குன்னு குடி மாறப் பாக்கறா. இங்க வந்துட்டா அவ புருஷனையும் பாப்பீங்களான்னு கேக்கறா. என்னங்க சொல்றது?"

இதற்குப் பாடப்புத்தகத்திலேயே பதில் உண்டு. சிகிச்சையைக் கொடுக்கலாம். கணக்கில் மட்டும் அவர்கள் பழைய லைனிலேயே இருப்பார்கள், அவ்வளவுதான். "வரச் சொல்லுங்கக்கா. கணக்கு என் பாடு," என்றேன்.

அவள் குடி மாறிய அன்று நானும் அங்கே இருந்தேன். எடுத்த பேட்டிகள் சரிதானா என்று சில வீடுகளில் மறுபடி கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். முற்பகல் நேரம். மின்வெட்டு வந்து ஊரிலுள்ள தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோயின. அந்தச் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அமைதிதான் இரைச்சல் மாதிரி இருக்கும். அந்தப் பெண் தலையில் பாத்திரங்கள் அடுக்கிய ஒரு அலுமினிய அன்னக்கூடையும் இடுப்பில் குடமுமாக, இரண்டு லைனுக்கும் நடுவே இருந்த சந்தில் வந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

குடி மாறுவதை அவள் கணவனிடம் சொல்லியிருக்கவில்லை. அவன் பின்னால் வந்ததையும் அவள் பார்க்கவில்லை. கரண்ட் போனதால் தறிக்கூடத்திலிருந்து வெளியே வந்திருக்கிறான். கையில் ஒரு நாடா. ஊடை நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகிற மரக்கட்டை அது, இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். முனை தேய்ந்ததை மாற்றி வாங்கப் போகிற வழி. காலையிலேயே குடித்திருந்தான்.

"எங்கடீ போற?"

அவள் திரும்பினாள். "பக்கத்துலதானுங்க. அந்த ரூம் வெளிச்சமா இருக்குது."

"வெளிச்சமா? இவளுக கிட்டப் போயி என்ற புருஷன் குடிகாரன்னு எளுதிக் குடுக்கறதுக்கா? ஊரே சிரிக்கறதுக்கா?"

முதல் அடி அன்னக்கூடையில் விழுந்தது. பாத்திரங்கள் சந்து முழுக்கச் சிதறின. இரண்டாவது அடி அவள் இடது காதுக்கு மேலே. ஈர மண்ணில் கட்டை விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் உட்கார்ந்தாள், யாரோ உட்காரச் சொன்னது போல மெதுவாக. அவன் மூன்றாவது முறை ஓங்கினான். அதற்குள் அக்கா ஓடிப்போய்க் கீழே கிடந்த அன்னக்கூடையை எடுத்து அவன் முகத்தில் வீசி அடித்தார். மூக்கு உடைந்து ரத்தம் கொட்ட அவன் நாடாவைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அப்போதும் வாய் ஓயவில்லை. "என்ற பொண்டாட்டி, நான் அடிப்பேன். நீ யாருடீ?" என்றான். அக்கா இன்னொரு முறை அடித்தார்.

நான் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். காதிலிருந்து ரத்தமும் தண்ணீருமாக வந்தது. என் முந்தானையை அழுத்தினேன், அது நனைந்துகொண்டே இருந்தது. "பாத்திரமெல்லாம் எடுத்து வெச்சிருங்க," என்றாள். பிறகு பேசவில்லை.

மண்டை ஓட்டில் விரிசல். உள்ளே கட்டிய ரத்தத்தை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிழைப்பாள், அந்தக் காது கேட்காது என்றார்கள்.

மறுநாள் அவளுடைய அண்ணன் வந்தான். கம்பெனி வேன் ஓட்டுகிறவன், கட்டையான உருவம். சொந்தக்காரர்களை அதே வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். தங்கையை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேரே தறிக்கூடத்துக்குப் போனார்கள். தறி ஓடிக்கொண்டிருந்தபோதே அவள் கணவனை இழுத்துக் கீழே போட்டு, வலது கையைத் தறியின் இரும்புச் சட்டத்தில் வைத்து, ஒரு இரும்புக் கம்பியால் விரல்களை அடித்தார்கள். அவன் கத்தியது தறிச் சத்தத்தில் வெளியே கேட்கவில்லையாம். பக்கத்துத் தறிக்காரர்தான் அக்காவிடம் சொன்னார். பாவு நூலில் தெறித்த ரத்தம் அப்படியே துணியாக நெய்து வந்ததாகவும் சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தகவலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அங்கிருந்து எங்கள் கள அலுவலகத்துக்கு வந்தார்கள். அலுவலகம் என்றால் ஒரு மளிகைக் கடை மாடியில் வாடகைக்குப் பிடித்த இரண்டு அறைதான். நானும் அக்காவும் இருந்தோம். மருத்துவர் கல்லூரியில் இருந்தார். அண்ணன் முதலில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். சட்டைக் கையில் காய்ந்த ரத்தம் இருந்தது, யாருடையதோ.

"இந்தச் சீட்டை எடுத்தது யாருங்க?"

"நான்தாங்க," என்றேன்.

"காச்சல்னு பத்துப் பேரு வந்தா, அஞ்சு பேருக்கு மருந்து, அஞ்சு பேருக்குச் சீட்டு விழலைன்னு சொல்லி அனுப்பிருவீங்களாங்க?"

"காய்ச்சலுக்கு மருந்து இருக்குதுங்க. இது வேலை செய்யுமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாதுங்க. தெரிஞ்சுக்கத்தான் சீட்டு."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். அதுதான் என்னைப் பயப்பட வைத்தது.

"தெரியாதுன்னா அந்த லைனுக்கு எதுக்குங்க குடுத்தீங்க? தெரியுமுன்னா எங்க புள்ளைக்கு எதுக்குங்க குடுக்கல?"

இதற்கும் புத்தகங்களில் பதில் இருக்கிறது. மாணவர்களுக்கு வருஷா வருஷம் அதை நடத்தியிருக்கிறேன். தெரியாதபோது பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் எல்லாருக்கும் நியாயம் என்பது அந்தப் பதில். வாயைத் திறந்தேன், வரவில்லை. என் வாய் திறந்து மூடியதை அவன் திமிர் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்திலிருந்த இரும்பு நாற்காலியைத் தூக்கினான். நான் கையை உயர்த்தினேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்த சத்தத்தை வலிக்கு முன்னால் கேட்டேன்.

கூட வந்தவர்கள் கம்ப்யூட்டரை மாடியிலிருந்து தெருவில் எறிந்தார்கள். பீரோவைக் கவிழ்த்தார்கள். அக்காவின் முடியைப் பிடித்து ஒருவன் இழுக்க, அவர் அவன் கையைக் கடித்தார். என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டு அண்ணன் மூச்சு வாங்கி நின்றான். "மன்னிச்சுக்குங்க, பொம்பளை மேல கை வெக்கறவன் இல்லீங்க நானு," என்றான். நான் அவன் காலடியில் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அடித்தவனும் கடைசிவரை என்னை 'ங்க' போட்டுத்தான் பேசினான்.

அன்று அதோடு முடியவில்லை. சீட்டு விழுந்த லைன்காரர்கள், தங்களுக்குக் கிடைத்ததைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று கிளம்பினார்கள். விழாத லைன்காரர்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே போர்வெல்லில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு லைனும் சந்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கல்லெறிந்தன. ஓடுகள் நொறுங்கின. ஷிப்ட் முடிந்து சோறு வாங்கிக்கொண்டு வந்த ஒரு வடக்கத்தித் தொழிலாளிக்கு நெற்றி பிளந்துவிட்டது. கண்ணில் ரத்தம் வழிய, "மைனே க்யா கியா?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டே போனார். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறார் என்பது இந்தி தெரியாதவர்களுக்கும் புரிந்திருக்கும். போலீஸ் வந்து தடியால் இரண்டு பக்கமும் அடித்துக் கலைத்தது. அந்த இரண்டு லைனையும் பிரித்து வைத்தது குடத்திலிருந்து எடுத்த ஒரு துண்டுக் காகிதம் மட்டும்தான்.

கையில் மாவுக்கட்டோடு கல்லூரிக் கூட்டத்துக்குப் போனேன். மருத்துவர் உடைந்துபோயிருந்தார். "நிறுத்திருவோம்மா. ஆளைக் காப்பாத்தத்தான் வந்தோம், மண்டைய உடைக்க இல்லை," என்றார். துறைத் தலைவர் போலீசில் புகார் கொடுத்துவிட்டு, பாதுகாப்பான வேறு ஊரில் இதே ஆய்வை ஆரம்பிக்கலாம் என்றார். வேறு ஊரிலும் சீட்டு விழாத லைன் இருக்குமே என்று கேட்டேன்.

வலி மாத்திரையில் தலை கனத்திருந்தாலும் எனக்கு ஒன்று தெளிவாக இருந்தது. அந்த அண்ணன் சீட்டின் மேல் கோபப்படவில்லை, 'இல்லை' என்ற சொல்லின் மேல்தான் கோபப்பட்டான். எழுந்து போர்டில் படிக்கட்டு மாதிரி ஒரு படம் போட்டேன். எல்லா லைனுக்கும் சிகிச்சை உண்டு. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதை மட்டும் சீட்டு முடிவு செய்யட்டும். எப்படியும் எங்களிடம் இருந்த ஆட்களை வைத்து எல்லா லைனுக்கும் ஒரே நாளில் போக முடியாது. ஒவ்வொரு லைனும் சிகிச்சைக்கு முன்னால் இருந்த தன்னோடும், இன்னும் காத்திருக்கிற லைன்களோடும் ஒப்பிடப்படும். எந்தப் பெண்ணுக்காவது தலையில் அடி, எலும்பு முறிவு, தீக்காயம் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்குச் சீட்டே கிடையாது, அன்றைக்கே போக வேண்டும்.

"அப்ப ஒப்பீடு பலவீனமாயிருமே," என்றார் துறைத் தலைவர்.

"கொஞ்சம் ஆகும் சார். கூடுதலா லைன் சேர்த்தா சரிக்கட்டிரலாம். கணக்குப் போட்டுட்டுத்தான் சொல்றேன்."

மாவுக்கட்டு போட்ட கையைக் காட்டிப் பேசினேன் என்று பிறகு சிலர் குறை சொன்னார்கள். காட்டத்தான் செய்தேன். நெறிமுறைக் குழு பல கேள்விகள் கேட்டு, கடைசியில் ஒப்புக்கொண்டது. இப்படிப் படிக்கட்டு முறையில் ஆய்வு செய்வதை நான் கண்டுபிடிக்கவில்லை, உலகத்தில் வேறு இடங்களிலும் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் எங்கள் பகுதியில் பிறகு நடந்த பல மருத்துவ ஆய்வுகளில், மருத்துவர்கள் முதல் கூட்டத்திலேயே என்னைக் கூப்பிட்டு, "அந்தப் படிக்கட்டு வைக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து போன இடம் அண்ணன் வீடு. கொஞ்ச நாளில் அண்ணனே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து கணவனிடம் விட்டான். ஏன் என்று அண்ணனைக் கேட்டபோது, "புருசன் ஊடுதானுங்க அவளுக்கு ஊடு. நாங்களும் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டமுங்க," என்றான். சொன்னது எது என்று எனக்குத் தெரியும். கணவனின் வலது கையில் இரண்டு விரல் மடங்கவே இல்லை. அண்ணன் மேல் அவன் புகார் கொடுக்கவில்லை. அவன் மேல் அவளும் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்த ஊருக்குள் மறுபடி எங்களால் நுழைய முடியாது என்று அக்கா சொன்னது உண்மைதான்.

தலையில் காயம் என்பதால் அவர்கள் வீட்டுக்குச் சிகிச்சை உடனே ஆரம்பமானது. ஆச்சரியமாக அவன் ஒத்துழைத்தான். கையும் மூக்கும் உடைந்தவனுக்குப் பயம் வந்திருக்கலாம். வாரா வாரம் உட்கார்ந்து பேசினான், மாத்திரை சாப்பிட்டான். மதுக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினான். எங்கள் ஆட்கள் அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த சுற்றுப் பேட்டியைச் சரிபார்க்க நானே அவள் வீட்டுக்குப் போனேன். கேட்கிற காதின் பக்கம் என்னை உட்கார வைத்தாள்.

"குடிக்கறாரா?"

"இல்லீங்க. சுத்தமா உட்டுட்டாருங்க."

"அடிக்கறது?"

கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. தாவணியைப் போல மேலே போட்டிருந்த துண்டை விலக்கித் தோளைக் காட்டினாள். முதுகு வரைக்கும் வரிவரியாகக் கன்றியிருந்தது. பழைய வரி மஞ்சளாக, புதிது கருநீலமாக.

"முந்தியெல்லாம் போதையில குறி தப்புமுங்க, ஓடிருவேன். இப்ப தெளிவா அடிக்கறாருங்க. தப்பறதே இல்லீங்க. இடது கையிலயே பழகிட்டாரு."

நான் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவள்தான், "எளுதிக்குங்க, பரவால்லீங்க," என்றாள்.

எல்லா லைனும் முடிந்து கணக்கு என் மேஜைக்கு வந்தபோது எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. குடி, சண்டை, அடி, தூக்கம், வேலைக்குப் போவது என எல்லாவற்றையும் கூட்டி 'குடும்ப நலம்' என்று ஒரே மதிப்பெண்ணாகக் கொடுப்பதாக முன்பே பேசியிருந்தோம். அப்படிக் கூட்டினால் ஆய்வு அருமையான வெற்றி. குடி நன்றாகக் குறைந்திருந்தது, அது எல்லாவற்றையும் மேலே தூக்கிவிட்டது. அடியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் கதை வேறு. பல வீடுகளில் குடியோடு சேர்ந்து அடியும் குறைந்திருந்தது. ஆனால் ஒரு கூட்டம் வீடுகளில் குடி குறைந்தும் அடி குறையவில்லை. சிலவற்றில் காயம் இன்னும் மோசம்.

"ரெண்டையும் சேர்த்துத்தானே போடறதாப் பேசினோம்?" என்றார் துறைத் தலைவர்.

"சேர்த்தும் போடலாம் சார். பிரிச்சும் போட்டாகணும். பிரிக்காம என் பேரைப் போடாதீங்க."

"நல்ல சேதியைக் கெடுக்கறீங்க."

"எந்த வீட்டுக்கு சார் நல்ல சேதி?"

என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. அவர் கையிலிருந்த ஃபைலை மேஜையில் அறைந்துவிட்டு வெளியே போனார். மனநல மருத்துவர் மட்டும், குடிக்கு ஒரு கோடும் அடிக்கு ஒரு கோடுமாக நான் போட்டிருந்த படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். "குடி அடிக்குதுன்னு நெனச்சேன். ஆளுல்ல அடிக்குறான்," என்றார். கட்டுரை இரண்டு கோடுகளோடுதான் போனது. அதன் பிறகு அவர் செய்த எல்லா ஆய்விலும் பெண்களின் காயம் வேறு எதோடும் கூட்டப்படாமல் தனியாக நின்றது. என் பங்கு என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம் என்றால் எனக்கு அது போதும்.

கட்டுரையால் அவளுக்கு எதுவும் நடக்கவில்லை. நடந்தது அக்காவால். அடி நிற்காத வீடுகள் இருப்பது தெரிந்ததும், அவர் சொன்ன யோசனைப்படி சிகிச்சையின் இரண்டாம் கட்டமாக லைனுக்கு லைன் ஒரு காலி அறையை வாடகைக்கு எடுத்து, அடி விழுந்தால் பெண்கள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தோம். முதலில் வந்தவள் அவள்தான். அவன் கடப்பாரையோடு வந்து கதவை உடைத்தான். லைனில் இருந்த பெண்கள் துவைத்துக்கொண்டிருந்த ஈரத் துணியை முறுக்கி அவனை அடித்தார்கள். சிகிச்சைக்கு வந்து குடியை விட்ட சில ஆண்களும் சேர்ந்து அடித்தார்கள். இந்த முறை போலீஸ் வந்தபோது அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். அவன் உள்ளே போனான். அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு வந்து, குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்று நடுச்சந்தில் அவளைக் கன்னத்தில் அறைந்தான். அவள் திருப்பி அறைந்தாள். அதன் பிறகு அவன் வரவில்லை.

அவள் தறியை விட்டுவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்து முடித்த பீஸ் மடிக்கிற வேலைக்குப் போனாள். ஆய்வில் இருப்பவர்களைக் கடைசியாக ஒரு முறை கேட்க வேண்டும் என்பதால் கம்பெனி விடுகிற நேரம் பார்த்து வாசலருகே காத்திருந்தேன். நன்றாகச் சதை போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு எங்கே, சோறு எப்படி, காது வலிக்கிறதா என்று பேசிக்கொண்டிருந்தோம். பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்தேன்.

"வேண்டாமுங்க மேடம்," என்றாள். குரலில் கோபமில்லை. "எத்தனை வாட்டி அடிச்சாருன்னு கேட்டதுக்கெல்லாம் சொல்லிப்போட்டனுங்க. இனி என்னை யாரும் அடியைப் பத்திக் கேக்கக் கூடாதுங்க. நீங்க கேட்டாலும் செரி."

"சரிம்மா," என்றேன். ஒருவர் விலகிக்கொண்டால் காரணம் கேட்கக்கூட எங்களுக்கு உரிமை இல்லை. அவளாகவே சொல்லிவிட்டாள்.

கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். உள்ளே பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.